பொகோங் மலையில என்னோட இறங்கி வந்தவ

முதலே சொல்லிப்போடுறன், பேய், ஆவி எண்டுற கதையளுக்குக் காது குடுக்கிற ஆள் இல்லை நான். கன வருசமா மெல்பேணில ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். எத்தினையோ பேருக்குக் கடைசியா முகம் துடைச்சுக் கண்ணை மூடி உடுப்பு மாத்தி விட்டிருக்கிறன், ஒருத்தரும் எழும்பி வந்து என்னோட கதைச்சதில்லை. கூட வேலை செய்யிற பிள்ளையள் சில அறையளுக்குள்ள தனியப் போகமாட்டம் எண்டு நிப்பினம், அப்ப "தள்ளுங்கோ" எண்டுபோட்டு நான்தான் போறனான். அதால நீங்கள் இதை நம்பினாலும் சரி, இந்தத் திரேசாவுக்கு வயசு போகுது, மூளை குழம்பிப்போச்சு எண்டு நினைச்சாலும் சரி. நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுறன்.

ஜெசிந்தா எனக்கு மச்சாள், என்ர மனுசன் அன்ரன்ர தங்கச்சி. அதுக்கு முதலே மன்னாரில ரெண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. அவவால தான் எனக்கு அன்ரனையே தெரியும். அதால எங்களுக்குள்ள நீங்கள் நாங்கள் எண்டுற மரியாதை ஒண்டும் இல்லை, எப்பவும் நீ தான், கோவம் வந்தால் அதுக்கும் கீழ. நான் கலியாணம் கட்டி பிளேனில வந்தனான், கிளென் வேவர்லியில இருக்கிறம். ஜெசி வந்தது கடலால, போட்டில. வில்லாவுட் தடுப்பு முகாமில கொஞ்சக் காலம் உள்ளுக்க இருந்தவ, பிறகு வெளிய விட்டும் வருசக்கணக்கா ரெம்பரறி விசா, இப்ப தான் எல்லாம் சரிவந்து சிட்னிப் பக்கம் பிளாக்டவுனில ஒரு வீடும், சைல்ட் கெயாரில ஒரு வேலையும். 

விசா கிடைச்ச கையோட அவ எனக்குப் போன் எடுத்துச் சொன்ன முதல் கதை என்ன தெரியுமோ? "மச்சாள், இந்த நாட்டில ஒவ்வொரு ஸ்ரேற்றிலயும் ஆக உயரமான இடம் ஒண்டு இருக்காம். எல்லாத்திலயும் ஏறோணும். நீயும் வா." 

எனக்குச் சிரிப்பு. மன்னார் தட்டுப்போல தரை, எங்கட ஊரில உயரம் எண்டால் கோயில் மணிக்கூண்டு தான். உனக்கு என்னத்துக்கடி மலை எண்டு கேட்டன். "உள்ளுக்க இருக்கேக்க எங்க திரும்பினாலும் வேலி தான் தெரிஞ்சது. எங்க நிண்டா எல்லாம் தெரியுமோ அங்க போய் நிக்கோணும்" எண்டவ. அதுக்குப் பிறகு எப்பிடி மாட்டன் எண்டுறது? 

முதல் கொசியஸ்கோ. அது நியூ சவுத் வேல்சுக்கு மட்டுமில்லை, நாட்டுக்கே உயரம், ஆனால் சோலி இல்லை. பாதி தூரம் கம்பியில ஓடுற கதிரையில இருத்தித் தூக்கிக்கொண்டு போறாங்கள், மிச்சத்துக்கு இரும்புத் தட்டுப் போட்ட பாதை, குழந்தைப் பிள்ளையளும் நடக்குதுகள். மேல நிண்டு ஜெசி கையை விரிச்சுக்கொண்டு சுத்திச் சுத்திப் பாத்தவ. அடுத்தது எங்கட விக்ரோறியாவில பொகோங் மலை எண்டு அண்டைக்கே முடிவு.

கோடை முடியுற நேரம் தான் போனம். அவ சிட்னியில இருந்து ரெயினில ஓல்பரிக்கு வந்தவ, நான் மெல்பேணில இருந்து கார் ஓடிப்போய் ஏத்தினனான். இரவு மலையடிவாரத்து ஊரில ஒரு மோட்டலில தங்கி, விடிய இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டம். இது கொசியஸ்கோ மாதிரி இல்லை, நெஞ்சில முட்டுற ஏத்தம். ஜெசி ரெண்டு நடைத்தடி வாங்கிக்கொண்டு வந்தவ, கல்லில டிக் டிக் எண்டு குத்திக் குத்தி, புஸ் புஸ் எண்டு மூச்சு வாங்கி, இடைக்கிடை மலையையும் என்னையும் பேசிப் பேசி ஏறினவ. பாதி வழியில ஒரு சின்னத் தகரக் குடில் இருக்கு, ஆக்கள் ஒதுங்கிறதுக்கு. அதில இருந்து தேத்தண்ணி குடிச்சம். அதுக்கு மேல போகப் போக மரம் இல்லை, புல்லும் கல்லும் தான். பனிக்காலத்தில வழி தெரியிறதுக்கெண்டு கம்பம் கம்பமா நட்டு விட்டிருக்கிறாங்கள். 

உச்சியில கல்லுக்குவியல் ஒண்டு, பெரிசு. மத்தியானம், நல்ல வெய்யில், நாலு பக்கமும் நீலம் நீலமா மலை. ஜெசி கொஞ்சம் அழுதவ, நான் பாக்காத மாதிரி இடியப்பத்தைப் பிரிச்சனான்.

இறங்கத் தொடங்கிக் கொஞ்சத்தில தான் புகார் வந்தது. மூடுபனியைத் தான் நாங்கள் புகார் எண்டு சொல்லுறனாங்கள். கீழ பள்ளத்தாக்கில இருந்து ஆரோ பால் பொங்க விட்ட மாதிரி ஏறி வந்து ஆளை மூடிச்சு. என்ர கையை நீட்டினால் விரல் தெரியுது, அவ்வளவு தான். ஜெசி முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தவ. என்ர சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துபோச்சு, குனிஞ்சு கட்டிப்போட்டு நிமிர்ந்தா ஆளைக் காணேல்லை. போனை எடுத்துப் பாத்தன், சிக்னல் இல்லை. "ஜெசி!" எண்டு கத்தினன். 

"ஆமா, இங்க தான் இருக்கேன். வாங்க" எண்டு முன்னாலயிருந்து குரல். 

அவவின்ர குரல் தான், சத்தியமா அவவின்ர குரல். ஆனால் நாங்கள் ஓம் எண்டுற ஆக்கள். பிறந்ததில இருந்து அவவின்ர வாயில ஆமா எண்டு நான் கேட்டதில்லை, என்னை வாங்க எண்டும் அவ கூப்பிட்டதில்லை. எனக்குச் சிரிப்புத் தான் முதலில வந்தது. அவ வேலை செய்யிற இடத்தில இந்தியப் பிள்ளையள் இருக்கினம், அவையின்ர கதை தொத்தியிருக்கு, இல்லாட்டி என்னைப் பகிடி பண்ணுறா எண்டு நினைச்சன். குரல் வந்த பக்கம் நடந்தன், அவவின்ர சிவப்பு ஜக்கெற் முதுகு தெரிஞ்சது, பின்னால போனன்.

கனநேரம் நடந்தம். நான் வாய் ஓயாத ஆள் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே, பிள்ளையின்ர படிப்பு, அன்ரன்ர சுகர், வேலையில நடக்கிற குழப்படி எல்லாம் சொல்லிக்கொண்டு போறன், அவ "ஆமா", "ஆமா" எண்டு கேட்டுக்கொண்டு போறா. பேந்து தான் எனக்கு ஒண்டு உறைச்சது. ஜெசி ஒருநாளும் நான் சொல்லுறதை முடிய விட்டுக் கேக்கிறவ இல்லை. நான் ஒண்டு சொல்ல முதல் அவ ரெண்டு சொல்லுவா. பிறகு பாத்தா டிக் டிக் சத்தம் இல்லை. மூச்சு வாங்கிற சத்தமும் இல்லை. காலையில இருந்து காதில அடிச்சுக்கொண்டிருந்த சத்தம், எப்ப நிண்டது எண்டே தெரியேல்லை. 

அதில ஒரு இடத்தில கம்பம் வலப்பக்கம் மங்கலாத் தெரியுது, அவ இடப்பக்கம் திரும்பினா. 

"ஜெசி, கம்பம் இஞ்சால நிக்குது." 

"ஆமா. இந்த வழி கிட்ட. வாங்க." 

எனக்கு வந்தது பயம் எண்டு சொல்லமாட்டன், சந்தேகம். இவ ஏதோ விளையாடுறா, போனில வீடியோ எடுத்து வைச்சு எல்லாருக்கும் காட்டிச் சிரிக்கப் போறா எண்டு தான் நினைச்சன். "ஜெசி, ஒருக்காத் திரும்பு, உன்ர மூஞ்சியைப் பாப்பம்" எண்டன். திரும்பேல்லை. அப்பிடியே நிக்கிறா. நான் கம்பத்தடிக்குப் போய் அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். வாய் தன்பாட்டில செபம் சொல்லத் தொடங்கிச்சு, "அருள் நிறைந்த மரியே வாழ்க". எங்கட வழக்கம் ஒருத்தர் முதல் பாதி சொன்னா மற்றவை மிச்சத்தைச் சொல்லுறது, அதால நான் பாதியில தானா நிப்பாட்டிப்போட்டன். 

பேய் எண்டால் செபத்துக்கு ஓடும் எண்டு தானே எல்லாரும் சொல்லுறவை? இது ஓடேல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டபடி மிச்சப் பாதியைச் சொல்லிச்சுது, ஆமென் வரைக்கும், ஒரு சொல்லுப் பிழை இல்லாமல். நம்புங்கோ, நம்பாமல் விடுங்கோ, அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி கூட வந்தது, சரி ஜெசி தான் எண்டு. ஆனாலும் கால் இடப்பக்கம் போகேல்லை. "நான் கம்பத்தைப் பிடிச்சுத் தான் வருவன், நீ வேணுமெண்டா வா" எண்டுபோட்டு ஒரு கம்பத்தில இருந்து அடுத்த கம்பத்துக்கு நடந்தன். அவ இப்ப எனக்குப் பின்னால. சத்தம் இல்லை, ஆனால் பின்னால ஆள் வாறது தெரியும் தானே, முதுகுக்குத் தெரியும். நான் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை. 

மரங்கள் வந்தது, புகார் கொஞ்சம் மெலிஞ்சுது, குடில் தெரிஞ்சுது. குடில் வாசலில, சிவப்பு ஜக்கெற்றோட, ரெண்டு தடியையும் மடியில வைச்சுக்கொண்டு ஜெசி இருக்கிறா. 

அப்ப தான் திரும்பிப் பாத்தன். பின்னால ஒருத்தரும் இல்லை.

"நீ எப்ப எனக்கு முன்னால வந்தனீ?" எண்டு கேட்டன். வேற நாளெண்டால் எங்கயடி போய்த் துலைஞ்சனீ எண்டு மலை அதிரக் கத்தியிருப்பா. அண்டைக்கு மெல்ல எழும்பி, தடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு, என்னை உச்சந்தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தவ. பாத்துப்போட்டு, "நீ எந்தப் பக்கத்தால வந்தனீ?" எண்டு கேட்டவ. 

"இவ்வளவு நேரமும் உன்னோட தானேடி வந்தனான்!" 

"நான் இதில கனநேரமா இருக்கிறன்" எண்டா. "நீ முன்னுக்கு நட." 

கீழ வரைக்கும் நான் முன்னுக்கு, அவ பின்னுக்கு. நான் நிண்டா அவவும் தள்ளி நிண்டா. பிளாஸ்கில மிஞ்சின தேத்தண்ணியை ஊத்தி நீட்டினன், வேண்டாம் எண்டா. காரடியில வந்ததும் முன்சீற்றில ஏறாமல் பின்னுக்கு ஏறி, எனக்கு நேர பின்னால இருந்தவ. கால் நோகுது, நீட்டப் போறன் எண்டா, ஆனால் நீட்டேல்லை, கண்ணாடியில பாத்தன், பையைக் கட்டிப் பிடிச்சபடி நிமிர்ந்து இருக்கிறா. மோட்டலில இன்னும் ஒரு நாள் காசு கட்டியிருக்கு, வேண்டாம், இப்பவே ஓல்பரியில விடு எண்டு ஒரே பிடி. 

எனக்கு அப்ப அவவில தான் சந்தேகம். என்னை வேணுமெண்டு புகாருக்குள்ள விட்டுட்டு ஓடி வந்திட்டா, இப்ப வெக்கத்தில மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறா எண்டு ஒரு பக்கம். இல்லை, மேல ஏதோ நடந்திருக்கு, எனக்கு மறைக்கிறா எண்டு இன்னொரு பக்கம். நான் யோசிச்சுக்கொண்டு கார் ஓட, அவ பின்னாலயிருந்து கேள்வி கேக்கத் தொடங்கினவ. 

"எங்கட பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்ச சிஸ்ரருக்கு என்ன பட்டப்பேர்?" 

பழைய கதை கதைச்சுச் சமாதானமாகப் போறா எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு சொன்னன். "உன்ர கலியாணத்தண்டு ஆர் மயங்கி விழுந்தது?" சொன்னன். "அண்ணாக்கு எந்தக் காலில தையல் போட்டது?" சொன்னன். கொஞ்சம் போக, மயங்கி விழுந்தவ அண்டைக்கு என்ன நிறச் சீலை எண்டு கேக்கிறா. அதுக்குப் பிறகு, சிஸ்ரருக்கு அந்தப் பேரை வைச்சது ஆர் எண்டு கேக்கிறா. கேட்டதையே பிரட்டிப் பிரட்டிக் கேக்கிறா. அப்ப தான் எனக்கு விளங்கிச்சு, இது பழைய கதை இல்லை. அவவின்ர விசாவுக்கு இன்ரவியூவில இப்பிடித்தான் கேட்டவங்கள் எண்டு அவவே எனக்குச் சொல்லியிருக்கிறா. ஒரு விசயத்தை மூண்டு விதமா, வேற வேற நேரத்தில, எங்கயாவது தடக்குதோ எண்டு பாத்துக் கேக்கிறது. அதை ஏன் எனக்குச் செய்யிறா? "என்னடி, நீ எனக்கு விசா குடுக்கப் போறியோ?" எண்டு கேட்டன். கண்ணாடியில அவ சிரிக்கேல்லை. 

ஓல்பரி ரெயில் ஸ்ரேசனில இறங்கி, கதவைச் சாத்திப்போட்டு, "போறன்" எண்டா. எங்கட ஆக்கள் போட்டு வாறன் எண்டு தான் சொல்லுவினம், ஒருத்தரும் போறன் எண்டு சொல்லமாட்டினம். 

வீட்டை வந்து அன்ரனிட்ட எல்லாம் சொன்னன். அவர் "புகாருக்குள்ள ஆரோ வேற ஒரு பொம்பிளை சிவப்பு ஜக்கெற்றோட நடந்திருப்பா" எண்டார். அண்டைக்கு மலையில நாங்கள் வேற ஒருத்தரையும் காணேல்லை, அதோட ஆரோ ஒரு வெள்ளைக்காரி எப்பிடித் தமிழில செபம் சொல்லுவா எண்டு கேட்டன். 

ஜெசி எனக்குப் போன் எடுக்கிறதை விட்டுட்டா. அன்ரனுக்கு மட்டும் எடுக்கிறவ, நான் வேலைக்குப் போன நேரம் பாத்து. என்ன கதைச்சவ எண்டு கேட்டால் ஒண்டுமில்லை எண்டுவார். ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க நிமிர்ந்து பாத்தன், அவர் தன்ர கோப்பையைத் தொடாமல் என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார். "என்னப்பா?" எண்டு கேட்டன். கொஞ்சம் வெக்கப்பட்டுப்போய்ச் சொன்னவர், "ஜெசி கேட்டவள், நீ முந்தின மாதிரித் தான் சாப்பிடுறியோ எண்டு." எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. நான் அவளைக் காட்டுக்குள்ள விட்டுட்டு ஓடினனானோ, அவள் என்னை விட்டுட்டு ஓடினவளோ? இதில நான் சாப்பிடுறதை ஏன் வேவு பாக்கிறாள்? 

அந்தக் கோவம் ஆற முதல் அவவின்ர மகனுக்குக் கோயிலில உறுதிப்பூசுதல் சடங்கு வந்தது. போகாமல் விடேலாது, மருமகன் எல்லோ. பிளாக்டவுனில அவவின்ர வீடு நிறையச் சனம். நான் அவவைக் குசினிக்குள்ள தனியப் பிடிச்சன். வெளியில பட்டப்பகல், பிள்ளையள் முற்றத்தில கத்தி விளையாடுதுகள், அவ ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிக்கிறா. கதவைச் சாத்திப்போட்டு, "இண்டைக்கு நீ சொல்லாமல் நான் வெளிய போகமாட்டன்" எண்டன். 

அடுப்பை நிப்பாட்டினவ. கரண்டியைக் கீழ வைச்சுப்போட்டுச் சொன்னவ. 

"புகாருக்குள்ள நானும் உன்னைத் துலைச்சிட்டன். கத்திக் கத்தி அழுதுகொண்டு நிண்டன். அப்ப நீ வந்தனீ. வந்து என்ர முழங்கையைப் பிடிச்சு, கம்பம் கம்பமாக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குடில் வாசலில இருத்தினனீ. பயப்பிடாத எண்டு தலையைத் தடவினனீ." 

"நான் வரேல்லையே ஜெசி." 

"கேள். இருத்திப்போட்டு நீ சொன்னனீ, 'இன்னும் கொஞ்சத்தில என்னைப் போல ஒருத்தி மேலயிருந்து வருவாள், அவளோட போகாத' எண்டு. சொல்லிப்போட்டுத் திரும்பி மேல ஏறிப் போயிட்டாய்." 

என்னத்தைச் சொல்லுறது? வாய்க்கு வந்ததைக் கேட்டன். "அப்ப ஏன் என்னோட வந்தனீ?" 

"கார்த் திறப்பு உன்னட்ட தானே இருந்தது" எண்டா. 

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, நம்புவீங்களோ, அந்த நேரத்திலயும். சிரிச்சு முடிய, அவ கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "அது தான் காரில கேட்டுக் கேட்டுப் பாத்தனான், மச்சாள்" எண்டா. "எல்லாம் சரியாத் தான் சொன்னனீ." நான் பெருமூச்சு விட, அவ ரோல்ஸ் தட்டைக் கையில எடுத்துக்கொண்டு, "ஒண்டைத் தவிர" எண்டா. 

எது எண்டு கேக்க முதல் அவவின்ர மகன் கதவைத் தள்ளிக்கொண்டு "மம், எவ்ரிவன்ஸ் வெயிற்றிங்" எண்டு வந்து நிக்கிறான். அவ தட்டோட போயிட்டா. பிறகு எத்தினை தரம் கேட்டும் சொல்லேல்லை. கேட்டால், "விடு, உனக்கு மறந்திருக்கும்" எண்டுவா. 

வரேக்க காரில அன்ரனிட்ட ஒவ்வொண்டாக் கேட்டுப் பாத்தன். சிஸ்ரரின்ர பட்டப்பேர் சரி. மயங்கி விழுந்தது அவரின்ர பெரியம்மா தான், மஞ்சள் சீலை தான். காலில தையல் இடது கால் தான், இப்பவும் தழும்பு இருக்கு. எல்லாம் சரி. நான் நான் தான், எனக்கு அதில ஒரு குழப்பமும் இல்லை. 

ஆனால் ஒண்டு. ஓல்பரிக்கு வாற வழியில, பெரிய தண்ணிப் பாலத்தைத் தாண்டுற நேரம், அவ முன்னுக்குச் சரிஞ்சு என்ர காதடியில இன்னுமொரு கேள்வி கேட்டவ. கேட்டது நல்லா நினைவிருக்கு. அவவின்ர மூச்சு கழுத்தில பட்டது நினைவிருக்கு. நான் யோசிக்காமல் உடன மறுமொழி சொன்னது நினைவிருக்கு, அதைக் கேட்டு அவ மெல்லப் பின்னுக்குச் சாய்ஞ்சு யன்னலால தண்ணியைப் பாத்ததும் நினைவிருக்கு. அவ என்ன கேட்டவ, நான் என்ன சொன்னனான் எண்டது மட்டும், எவ்வளவு யோசிச்சும், இண்டைக்கு வரைக்கும் வரேல்லை.